இரவு தங்க இடம் கிடைக்குமா?

திண்டுக்கல் நகரை ஒட்டிச் செல்லும் நான்குவழிச் சாலையில் மார்கழி, தை மாதங்களில் சற்று நேரம் நின்று பார்ப்பவர்கள் ஒரு காட்சியைக் காணக்கூடும். பேருந்துகளும் பாரவண்டிகளும் சீறிப் பாயும் அந்தச் சாலையின் ஓரக்கோட்டை ஒட்டி, ஓர் இளைஞர் சைக்கிளை மிதித்துக்கொண்டு தெற்கு நோக்கிப் போவார். பின்சக்கரத்தின் இருபுறமும் பைகள் தொங்கும். முதுகுச் சட்டையில் வியர்வை காய்ந்து உப்புப் பூத்திருக்கும். சில வேளைகளில் இருவர், சில வேளைகளில் ஐந்தாறு பேர். பையின் மேல் சிறிய மூவர்ணக் கொடி ஒன்றும், ‘காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை’ என்று எழுதிய அட்டை ஒன்றும் இருக்கும். முன்பு 7 என்ற எண்ணால் அறியப்பட்டு, 2010-இல் எண்கள் மாற்றப்பட்டபோது 44 என்று பெயர் பெற்ற இந்தத் தேசிய நெடுஞ்சாலை, ஸ்ரீநகரில் தொடங்கிக் குமரிமுனையில் முடிகிறது. ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் மிதித்தாலும் 37 நாட்கள் ஆகும்.

சாலையோரத் தேநீர்க் கடையில் அவர்கள் இறங்கினால் கூட்டம் சூழ்ந்துகொள்ளும். கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். எந்த ஊர்? புறப்பட்டு எத்தனை நாளாயிற்று? மூன்றாவது கேள்வியை அநேகமாக அங்கே நிற்கும் தாய்மார்களே கேட்பார்கள்: “ராத்திரிக்கு எங்கப்பா படுப்பீங்க?”

நெடுந்தொலைவு சைக்கிள் பயணத்தைப் பற்றி எழுதுவோர் பலர் வண்டியின் எடை, பல்சக்கரங்களின் எண்ணிக்கை, ஏறிய மலைகளின் உயரம் ஆகியவற்றைக் குறித்தே பக்கம் பக்கமாக எழுதுகின்றனர். அந்தத் தாய் கேட்ட கேள்வியில்தான் விஷயத்தின் உயிர்நாடி இருக்கிறது என்பது நமது கருத்து. காரில் செல்பவர் ஒரே நாளில் 500 கிலோமீட்டர் கடந்து, முன்பே ஏற்பாடு செய்த விடுதியில் போய் இறங்குவார். சைக்கிள் பயணி அப்படியன்று. சுமையுடன் நாளொன்றுக்கு 70, 80 கிலோமீட்டர் என்று கணக்கிட்டுப் புறப்படுவார். எதிர்க்காற்று வீசினால், ஏற்றம் வந்தால், டியூப் இரண்டு முறை வெடித்தால், அதில் பாதிதான் தேறும். பொழுது சாயும் இடம் அவர் தேர்ந்தெடுத்த ஊராக இராது; பெயர்கூடக் கேட்டிராத ஊராக இருக்கும். அங்கே எவரோ ஒருவர் வாசற்படியிலிருந்து எழுந்து வந்து, “வாங்க” என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எத்தனை விலையுயர்ந்த வண்டியும் உதவாது.

இந்தக் கேள்விக்கு ஒருவர் என்ன விடை தேடினார் என்பதை வைத்தே அவருடைய பயணத்தை அளந்துவிடலாம். சிலருடைய வரலாற்றை அப்படிப் பார்ப்போம்.

நம் தமிழகத்தின் வழியாக நெடும் பயணம் செய்த முதல் சைக்கிள் பயணியருள் ஃபேனி புல்லக் வொர்க்மன் என்ற அமெரிக்கப் பெண்மணியும், மருத்துவரான அவர் கணவர் வில்லியம் ஹண்டர் வொர்க்மனும் குறிப்பிடத்தக்கவர்கள். ஃபேனி 1859-இல் பிறந்தவர். அவருடைய தந்தை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர். அல்ஜீரியாவிலும் ஸ்பெயின் நாட்டிலும் சைக்கிளில் சுற்றிப் பழகிய இத்தம்பதியர், 1897-ஆம் ஆண்டின் இறுதியில் ஆசியப் பயணத்தைத் தொடங்கினர். இலங்கையைச் சுற்றிவிட்டு, இந்தியாவின் தென்முனையிலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை மிதித்தனர். பர்மா, ஜாவா முதலிய நாடுகளையும் சேர்த்து அவர்கள் கடந்த தொலைவு 14,000 மைல் என்று தாங்கள் எழுதிய நூலின் தலைப்பிலேயே குறித்தார்கள். அந்நூல் 1904-இல் வெளிவந்தது. சாதாரணமாக நாளொன்றுக்கு 45 மைல், அதிகமாகப் போன நாளில் 86 மைல். தேயிலை, சர்க்கரை, பிஸ்கட், பாலாடைக்கட்டி, டப்பாவில் அடைத்த இறைச்சி, தண்ணீர், ஆளுக்கொரு போர்வை, தலையணை, மருந்துப் பெட்டி, பழுதுபார்க்கும் கருவிகள்: இவ்வளவுதான் அவர்கள் சுமந்தவை.

அவர்களுக்கு நம் நாடு அளித்த பெரிய துன்பம் முள். ஒரே நாளில் 40 பங்சர் வரை ஒட்ட நேர்ந்ததாம்! இதைப் படித்துவிட்டு வேகமாகத் தாண்டிச் செல்பவர்கள் ஒருபோதும் பங்சர் ஒட்டாதவர்களாகத்தான் இருக்க வேண்டும். டயரை நெம்பி டியூபை வெளியே இழுக்க வேண்டும்; காற்றடித்து, வட்டிலில் தண்ணீர் வைத்து, டியூபைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிக் குமிழி வரும் இடத்தைப் பிடிக்க வேண்டும்; அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது பசையாகும்வரை பொறுத்திருந்து ஒட்ட வேண்டும்; பிறகு டயரின் உட்புறம் முழுவதையும் விரலால் தடவி, குத்திய முள்ளைக் கண்டு பிடுங்க வேண்டும். கை பழகியவருக்கும் பத்து நிமிடம் பிடிக்கும் வேலை. நாற்பது முறை என்றால் 400 நிமிடம், அதாவது ஆறரை மணி நேரத்துக்கும் மேல்! இன்று நம் கண்மாய்களை அடைத்து நிற்கும் சீமைக் கருவேலம் அக்காலத்தில் இந்த அளவுக்குப் பரவியிருக்கவில்லை. ஆனால் நாட்டுக் கருவேலும், உடை மரமும், சாலையோர நெருஞ்சியும் போதாவா? வேலி அடைக்க முள் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று முன்னே போயிருந்தால் அந்தச் சாலை அன்றைக்குச் சைக்கிளுக்கு ஆகாது என்பதை நம் கிராமத்துப் பெரியவர்கள் நன்கு அறிவார்கள்.

வொர்க்மன் தம்பதியர் இரவுகளை எங்கே கழித்தனர்? அரசாங்கப் பயணியர் பங்களாக்களில். அவை இல்லாத இடங்களில் இரயில் நிலையத்தின் காத்திருப்பு அறைகளில். உணவுப்பொருள் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலும் இருப்புப்பாதைக்கு அருகிலேயே சென்றார்கள். எலிகள் ஓடும் அறைகளில் உறங்கினார்கள், கொசுக்கடியில் வாடினார்கள் என்பது உண்மைதான். ஆயினும் குடியானவன் வீட்டுத் திண்ணை அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அதன் விளைவை அவர்களுடைய நூலிலேயே காணலாம். கோயில்களின் தூண்களையும் சிற்பங்களையும் பற்றி அது விரிவாகப் பேசுகிறது. அத்தூண்களின் நிழலில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஃபேனியின் துணிவைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. 1912-இல் காரகோரப் பனிமலைத் தொடரின் பீடபூமி ஒன்றில், பெண்களுக்கு வாக்குரிமை கோரும் செய்தித்தாளைக் கையில் விரித்துப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்ட பெண்மணி அவர். ஆனால் அவர் நாடு நாடாகச் சுற்றிய ஆண்டுகளில் மகள் ரேச்சல் பெற்றோரைப் பிரிந்து விடுதிப் பள்ளியில் வளர்ந்தாள் என்பதும் வரலாற்றில் உண்டு. குடும்ப இதழைப் படிக்கும் அன்னையருக்கு அது நெருடத்தான் செய்யும்.

வேறு வகைப் பயணிகளும் இருந்தனர். 1923-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், பம்பாய்ப் பளுதூக்கும் கழகத்தைச் சேர்ந்த ஆறு பார்சி இளைஞர்கள் உலகைச் சுற்றிவரச் சைக்கிளில் புறப்பட்டனர். ஆதி ஹக்கிம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பூம்கரா, குஸ்தாத் ஹதிராம், கெகி போச்கானாவாலா, நரிமன் கபாடியா என்பன அவர்களுடைய பெயர்கள். பஞ்சாப், பலுச்சிஸ்தானம், பாரசீகம் வழியாக மேற்கே சென்றனர். பாக்தாத்திலிருந்து சிரியாவின் அலெப்போ வரை பாலைவனத்தை 23 நாட்களில் கடந்தனர். ஐரோப்பாவில் பனிமலைகளை ஏறியிறங்கி, அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்து, ஜப்பான், கொரியா, சீனா, தென்கிழக்கு ஆசிய நாடுகள் வழியே மீண்டும் இந்தியாவுக்குள் நுழைந்தனர். 1928 மார்ச் 18-ஆம் நாள் பம்பாய் திரும்பியபோது எஞ்சியிருந்தவர்கள் ஹக்கிம், பாபாசோலா, பூம்கரா ஆகிய மூவரே. இருவர் இடையில் விலகிக்கொள்ள, ஹதிராம் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். நான்கு ஆண்டு ஐந்து மாதத்தில் அவர்கள் கடந்தது ஏறத்தாழ 71,000 கிலோமீட்டர். அவர்கள் எழுதிய நூலுக்கு ஜவகர்லால் நேரு முன்னுரை அளித்தார். இவர்களைப் பின்பற்றி ஃப்ராம்ரோஸ் தவர் என்பவர் 1924-இல் தனியே புறப்பட்டு, வியன்னாவில் ஒரு துணைவரைச் சேர்த்துக்கொண்டு சகாராப் பாலைவனத்தையும் அமேசான் காட்டையும் கடந்தார். 1933-இல் புறப்பட்ட வேறு மூவர் 1942-இல் திரும்பினர். கைக்குள் அடங்கும் வழிகாட்டிப் பெட்டி எதுவும் இல்லாத காலம் அது; வழி கேட்க வேண்டுமானாலும் ஒரு மனிதனைத்தான் கேட்டாக வேண்டும்.

டெர்வ்லா மர்ஃபி என்ற அயர்லாந்துப் பெண்மணியின் கதை நம் வாசகர்களின் உள்ளத்தைத் தொடக்கூடியது. அவர் 1931-இல் லிஸ்மோர் என்ற சிற்றூரில் பிறந்தார். பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஒரு நிலப்படப் புத்தகமும் பரிசாகக் கிடைத்தன. மிதித்துக்கொண்டே போனால் இந்தியாவுக்குப் போய்விடலாமே என்று அந்தச் சிறுமி அன்றே முடிவு செய்துவிட்டாள். ஆனால் தாய் மூட்டுவாத நோயால் முடங்கிக் கிடந்தார். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு நின்ற டெர்வ்லா, தாய்க்குப் பணிவிடை செய்வதிலேயே தம் இளமையைக் கழித்தார். 1962-இல் தாய் இறந்தார். அடுத்த ஆண்டு சனவரியில், ஐரோப்பாவே உறைந்து கிடந்த கடுங்குளிரில், பிரான்சின் டன்கர்க் துறைமுகத்திலிருந்து தனியே சைக்கிளில் கிளம்பிவிட்டார். பத்து வயதில் செய்த முடிவு முப்பத்தொன்றாம் வயதில் நிறைவேறத் தொடங்கியது.

அவருடைய சைக்கிளில் இருந்த கியர் அமைப்பை, ஆசியச் சாலைகளுக்குத் தாங்காது என்று கழற்றிவிட்டே புறப்பட்டார். ஆக, நம் ஊர் பால்காரர் ஓட்டும் வண்டியைப் போன்ற சாதாரண வண்டிதான் அது! யுகோஸ்லாவியாவில் ஓநாய்கள் தாக்கியபோது கைத்துப்பாக்கியால் சுட்டுத் தப்பினார். ஆப்கானிஸ்தானத்தில் மூன்று விலா எலும்புகள் முறிந்தன. அதுவும் சைக்கிளிலிருந்து விழுந்து அன்று, பேருந்தில் போகும்போது துப்பாக்கிக் கட்டை இடித்து! அத்தனைக்குப் பிறகும் ஆப்கானிய மலைக்கிராமத்து மக்களின் விருந்தோம்பலையே அவர் ஆயுள் முழுவதும் புகழ்ந்து பேசினார். ஏழைகளின் வீட்டில், அவர்கள் உண்பதை உண்டு, அவர்கள் படுக்கும் தரையில் படுத்தார். அந்த ஆண்டு சூலை மாதம் தில்லி வந்து சேர்ந்து, பின் தர்மசாலாவில் திபேத்திய அகதிக் குழந்தைகளுக்குத் தொண்டு செய்தார். 1973-இல் ஐந்து வயது மகளை அழைத்துக்கொண்டு தென்னிந்தியாவுக்கும் வந்தார். அப்போது சைக்கிள் இல்லை. 2022-இல் தம் தொண்ணூறாம் வயதில் காலமானார்.

நம் நாட்டிலிருந்து எதிர்த்திசையில் போனவர் ஒருவர் உண்டு. 1949-இல் ஒடிசாவில், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பமொன்றில் பிறந்த பிரத்யும்ன குமார் மகானந்தியா, தில்லியில் ஓவியம் பயின்றவர். ஸ்வீடன் நாட்டுப் பெண் ஒருவரை அங்கே சந்தித்து மணம் செய்யத் தீர்மானித்தார். அவர் ஊர் திரும்பியபின், விமானச் சீட்டுக்குப் பணமில்லாத இவர் 60 ரூபாய்க்கு ஒரு பழைய சைக்கிளை வாங்கி, 1977 சனவரியில் மேற்கே புறப்பட்டார். ஆப்கானிஸ்தானம், ஈரான், துருக்கி வழியாக ஐரோப்பா சேர்ந்து, கடைசிப் பகுதியை இரயிலில் கடந்து, மே மாத இறுதியில் ஸ்வீடனை அடைந்தார். வழியில் உணவுக்கும் இரவுத் தங்கலுக்கும் அவர் கொடுத்த விலை, பென்சிலால் வரைந்த முகச் சித்திரம். வீட்டுக்காரரின் முகத்தை வரைந்து கொடுப்பார். சோறும் பாயும் கிடைக்கும். பிறந்த மண்ணில் பள்ளிக்கூடத்திலேயே தள்ளி உட்கார வைக்கப்பட்ட ஒருவரை, மொழி தெரியாத ஆப்கானியர் தம் பாயில் படுக்க வைத்தார்கள்.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். அயர்லாந்துக்காரி ஒருத்தி பொழுது சாயும் நேரத்தில் நம் குஜிலியம்பாறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சைக்கிளை நிறுத்தினால் என்ன நடக்கும்? ஊரே கூடும், கட்டில் வரும், மோர் வரும், முட்டை பொரியும். ஐயமே இல்லை. அதே இடத்தில், பக்கத்துத் தாலுகாவைச் சேர்ந்த கறுத்த, மெலிந்த, நம் மொழி பேசும் ஓர் இளைஞன் நின்றால்? “எந்த ஊரு தம்பி?” என்பது முதல் கேள்வி. அன்பான கேள்விதான். “அந்த ஊர்ல எந்தத் தெரு?” என்பது இரண்டாவது. “யாரு மகன்?” என்பது மூன்றாவது. இந்த மூன்று கேள்விகளும் எதைத் துருவுகின்றன என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவனுக்கும் தெரியும். விடையைப் பொறுத்துத் தண்ணீர்ச் செம்பு வருவதும், வரும் செம்பு எந்தச் செம்பு என்பதும் அமையும். வெள்ளைக்காரப் பயணிக்குச் சாதி இல்லை. ஆகவே அவர் விருந்தினர். நம் பிள்ளைக்கு அது உண்டு. ஆகவே அவன் முதலில் தராசில் ஏற வேண்டும். நம் நாட்டு இளைஞர்களுள் இந்த வகைப் பயணத்தை மேற்கொள்வோர் நகரத்துப் படித்த குடும்பத்தினராகவே பெரும்பாலும் இருப்பதற்கு வண்டியின் விலை மட்டுமா காரணம்?

நம் பங்குகளிலும் இந்நோய் முற்றிலும் நீங்கிவிட்டது என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. எம்மாவு வழியில் அறிமுகமில்லாத ஒருவரோடு நடந்த இரு சீடர்கள், பொழுது சாய்ந்ததைக் காட்டி அவரைத் தங்கும்படி வற்புறுத்தினார்கள். எந்தத் தெரு என்று கேட்டதாக நற்செய்தியில் இல்லை.

வரவேற்கத் தெரியாத மக்கள் அல்லர் நாம். தைப்பூச நாட்களில் திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் சாலையைப் பாருங்கள். ஆயிரமாயிரமாக நடந்து செல்லும் பக்தர்களுக்கு வழிநெடுகத் தண்ணீரும் மோரும் சோறும் வழங்குகிறார்கள். கால் பிடித்துவிடுவோரும் உண்டு. ஆவணியில் வேளாங்கண்ணிக்கு நடந்தும் சைக்கிளிலும் செல்லும் நம் மக்களுக்கும் அவ்வாறே வழியூர்களில் கதவுகள் திறக்கின்றன. மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் 300 ஆண்டுகளுக்கு முன்பே சாலை அமைத்து, மரம் நட்டு, சத்திரம் கட்டினார். ஆனால் பழைய சத்திரங்களில் பந்திக்குப் பந்தி வேறுபாடு இருந்தது. இன்றோ, பக்தர் என்ற பெயர் உள்ள பயணிக்கு நாம் வைத்திருக்கும் திண்ணை, பெயரில்லாத பயணிக்கு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டியுள்ளது.

ஸ்பெயின் நாட்டில் புனித யாகப்பரின் திருத்தலமான சந்தியாகோவுக்குச் செல்லும் வழிகளில், மடங்களும் பங்குகளும் ஊராட்சிகளும் நடத்தும் எளிய தங்குமனைகள் வரிசையாக உள்ளன. நடந்து வருவோர் கடைசி 100 கிலோமீட்டரையும், சைக்கிளில் வருவோர் கடைசி 200 கிலோமீட்டரையும் தம் உடல் உழைப்பால் கடந்திருந்தால் சான்றிதழ் தருகிறார்கள். இத்தாலியில் கோமோ ஏரிக்கு அருகே ஒரு மலைமேல் கிசால்லோ அன்னையின் சிற்றாலயம் இருக்கிறது. கள்வரிடமிருந்து தப்பி ஓடிய பிரபு ஒருவர் அன்னையின் திருவுருவத்தின் முன் அடைக்கலம் புகுந்து பிழைத்தார் என்பது அந்த இடத்தின் பழங்கதை. 1949-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் இந்த அன்னையைச் சைக்கிள் ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். ஆலயத்தின் உட்சுவர்களில் பந்தய வீரர்களின் சைக்கிள்கள் காணிக்கையாகத் தொங்குகின்றன. நம் ஊரில் வெள்ளிக் கண்ணும் வெள்ளிக் காலும் தொங்குவதுபோல!

இனி நம் சமவெளிக்கு வருவோம். காஷ்மீரிலிருந்து வரும் பயணிகள் நான்குவழிச் சாலையிலேயே போய்விடுவது, நம் மாவட்டத்தைப் பார்ப்பதற்குள் மிக வறண்ட வழி என்பேன். அந்தச் சாலை ஊர்களை ஒதுக்கிவிட்டுச் செல்கிறது. நிழல் தந்த புளிய மரங்கள் பல இடங்களில் போய்விட்டன. பொழுது சாயும்போது கேட்பதற்கு ஆளில்லை. கிடைப்பது எரிபொருள் நிலையமும் உணவு விடுதியும்தான்.

திண்டுக்கல் மலைக்கோட்டையின் மேல் ஏறி நின்றால், போகவேண்டிய வழிகள் தாமே தெரியும். தென்கிழக்கே சிறுமலை. அதன் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். கியர் இல்லாத வண்டியைப் பாதிக்கு மேல் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். தள்ளுவதில் இழுக்கு ஒன்றும் இல்லை. கிழக்கே சாணார்பட்டி, கோபால்பட்டி வழியாக நத்தம். மாந்தோப்புகளின் நிழல் உண்டு. வடக்கே எரியோடு, குஜிலியம்பாறை வழியாகக் கரூர் செல்லும் சாலை. இதுதான் உண்மையான வானம் பார்த்த பூமி. சோளமும் முருங்கையும் பாறையும் ஆட்டுப்பட்டியும், நடுவே ஒரு குடிநீர்த் தொட்டியும். தென்மேற்கே சின்னாளபட்டியின் தறியோசையைத் தாண்டி, காந்திகிராமத்தைக் கடந்து, செம்பட்டி வழியாக வத்தலக்குண்டு. அங்கிருந்து கொடைக்கானல் ஏற்றம் தொடங்குகிறது. முந்நூற்றுச் சொச்சம் மீட்டர் உயரத்திலிருந்து 2,100 மீட்டருக்கு ஏற வேண்டும். இதை ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று எவரும் சட்டம் போடவில்லை.

காலம் பார்ப்பதும் முக்கியம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் முன்னோர் வீணாகச் சொன்னதன்று. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் காற்றை எதிர்த்து ஒட்டன்சத்திரம் பக்கம் மிதிப்பவர் நடப்பவரை விட விரைவாகப் போகமாட்டார். அதே காற்றில் நத்தம் பக்கம் போனால் வண்டி தானே ஓடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். மார்கழி முதல் மாசி வரை மிக நல்லது. சித்திரை, வைகாசி வெயிலில் பத்து மணிக்கு மேல் மிதிப்பது அறிவுடைமை ஆகாது.

பிள்ளைகளை எப்படி அனுப்புவது என்று பெற்றோர் கேட்பார்கள். பெண்பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். இந்தக் கவலை நியாயமானது. ஆனால் நமக்குக் கிழக்கேயுள்ள புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்ததை நினைவுகூர வேண்டும். 1991, 92-ஆம் ஆண்டுகளில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் அளித்தார். கல்லுடைக்கும் பெண்களும், வயல் வேலை செய்யும் பெண்களும், அங்கன்வாடி ஊழியர்களும் ஆயிரக்கணக்கில் கற்றனர். பெண்களுக்கான வண்டிகள் கடையில் தீர்ந்துபோக, குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் வண்டியையே வாங்கி ஓட்டினர். கேலி பேசியோர் இருந்தார்கள், ஓராண்டுக்குள் ஓய்ந்தார்கள். வீட்டு வாசலுக்கும் சந்தைக்கும் இடையே கணவனையோ மகனையோ பேருந்தையோ எதிர்பார்த்திருந்தவர்கள் தம் நேரத்தைத் தாமே ஆளத் தொடங்கினார்கள்.

இன்று பதினோராம் வகுப்பில் சேரும் மாணவ மாணவியர்க்கு அரசு விலையில்லாச் சைக்கிள் வழங்குகிறது. 2001-02-இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியர்க்கென்று தொடங்கிய அத்திட்டம், பின்னர் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயிலும் அனைவருக்கும் விரிந்தது. நம் பங்குக் குடும்பங்களுள் அந்த வண்டி நுழையாத வீடு குறைவு. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அவ்வண்டி என்ன ஆகிறது? மாட்டுக் கொட்டகையின் பின்னால் சாய்த்து வைக்கப்படுகிறது, செயின் துருப்பிடிக்கிறது, டயரைக் கரையான் அரிக்கிறது, ஒருநாள் பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்துப் போகிறார். அந்த வண்டியை ஓவராயில் செய்து, புது டயரும் டியூபும் போட்டால், மூன்று நாள் பயணத்துக்குத் தாராளமாகத் தாங்கும். டெர்வ்லா மர்ஃபிக்குக் கியர் இல்லாத வண்டி போதுமானதாக இருந்தது. நம் பிள்ளைகளுக்கும் போதும்.

பயணத்தை மூவராகச் செய்வது நல்லது. இருவரில் ஒருவர் நோயுற்றால் மற்றவர் திண்டாடுவார். பத்துப் பேர் போனால் எந்த வீட்டிலும் இடம் கிடையாது. மூவரும் ஒரே தெருவைச் சேர்ந்தவர்களாக இல்லாமலிருந்தால் இன்னும் நல்லது. முதற்பயணம் திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போய், மறுநாள் திரும்புவதாக இருக்கட்டும். பங்குத் தந்தையிடம் முன்கூட்டிச் சொன்னால் வழியிலுள்ள கிளைக் கிராமத்து உபதேசியாருக்கோ பள்ளித் தலைமையாசிரியருக்கோ ஒரு வார்த்தை சொல்லிவிடுவார். ஆலய வராந்தாவும் ஒரு குழாயும் கிடைத்தால் போதும். ஒரு காலத்தில் நம் பங்குத் தந்தையரே பூசைப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு இந்தச் செம்மண் பாதைகளில் கிராமம் கிராமமாகச் சைக்கிளில் போய்வந்தவர்கள். அவர்கள் இறங்கித் தங்கிய வீடுகளின் பேரப்பிள்ளைகள் இன்றும் அந்த ஊர்களில் இருக்கிறார்கள்.

எடுத்துச் செல்ல வேண்டியவை அதிகமில்லை. ஒரு பம்ப், இரண்டு டியூப், சொல்யூஷன், உப்புத்தாள், ஒட்டுத்துண்டுகள், டயர் நெம்பும் பட்டை, ஸ்பேனர், கொஞ்சம் எண்ணெய். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். ஒரு போர்வை, ஒரு துண்டு, மாற்றுடை ஒன்று. அவித்த கடலை, பொரிவிளங்காய் உருண்டை, சிறுமலை வாழைப்பழம் கிடைத்தால் ஒரு சீப்பு. விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பட்டுப் பத்து மணிக்குள் பாதித் தொலைவைக் கடந்துவிட வேண்டும். நடுப்பகலில் மரநிழலில் இருந்துவிட்டு, மூன்றரைக்கு மேல் மீதியை மிதிக்கலாம். மாலை ஐந்து மணிக்குள் இரவு தங்கும் ஊரில் இருக்க வேண்டும். இருட்டிய பின் வந்து கதவைத் தட்டுபவரைக் கண்டு ஊர் அஞ்சுவது இயல்பு. தேநீர்க் கடையில் இறங்கி, யார், எங்கிருந்து எங்கே போகிறோம் என்பதைக் கேட்பதற்கு முன் தாமே சொல்லிவிட வேண்டும். தங்க இடம் கொடுத்தவர் வீட்டில் உட்கார்ந்திராமல், தண்ணீர் எடுப்பதோ விறகு பிளப்பதோ கண்ணில் படும் வேலையைச் செய்யலாம். காலையில் புறப்படும் முன் சொல்லிக்கொண்டு புறப்பட வேண்டும். அதற்கும் முன் இரண்டு டயர்களையும் உள்ளங்கையால் சுற்றிலும் தடவிப் பார்க்க வேண்டும். முந்தைய மாலை ஏறிய முள்ளின் நுனி அப்போதுதான் அகப்படும்.